ஜவுன்பூர் ஷாஹி பாலம்: தூண் ஏன் இவ்வளவு பருமன்?

வழிப்போக்கன் கேட்டது:

வணக்கம். உத்தரப் பிரதேசம் ஜவுன்பூரில் கோமதி ஆற்றின் குறுக்கே நிற்கும் அக்பர் காலத்துக் கமான் பாலம் பற்றி ஒரு கையடக்கக் குறிப்பு தயாரிக்கிறேன். வாரணாசிக்குப் போகும் குழு ஒன்றுக்காக. அங்கிருந்து சுமார் 60 கி.மீ. என்பதால் ஒரு நாள் ஜவுன்பூருக்கு என்று திட்டம்.

இதுவரை சேர்த்தது: கட்டச் சொன்னவர் அக்பர், கட்டி முடித்தவர் அவருடைய ஆளுநர் முனிம் கான், வடிவமைத்தவர் அஃப்சல் அலி காபூலி. ஆற்றின் மேல் பத்துக் கமான், தெற்கே தனியாக ஐந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு திட்டு.

குழப்பம் மூன்று இடத்தில். முதலாவது ஆண்டு. ஓரிடத்தில் 1568, இன்னோரிடத்தில் 1568-69, பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் 1569 முதல் 1573 வரை. எதைப் போடுவது? அடுத்தது தூண். படங்களில் பார்த்தால் தண்ணீர் போகும் வாய்க்குச் சமமாகத் தூணும் இடம் பிடித்திருக்கிறது. ஆற்றை இப்படி அடைத்துக் கட்டியது அறியாமையாலா, வேண்டுமென்றேயா? கடைசியாக, வண்டல் படுகையில், ஓடுகிற ஆற்றில் அஸ்திவாரம் போட்டது எப்படி? தெரிந்தவர்கள் விரிவாகவே சொல்லுங்கள். குழுவில் சிவில் படித்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், மேலோட்டமாகச் சொல்லித் தப்ப முடியாது.


பழஞ்சுவடி:

ஆண்டுக்கு விடை பாலத்தின் கல்வெட்டிலேயே இருக்கிறது. அது பாரசீகச் செய்யுள். கடைசி அடி ஆண்டை நேராகச் சொல்லாமல் கணக்காகச் சொல்கிறது: ‘ஸிராதுல் முஸ்தகீம்’ என்ற தொடரிலிருந்து ‘பத்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் தேதி கிடைக்கும்.

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண்மதிப்பு உண்டு. அப்ஜத் என்பார்கள். மேளகர்த்தா ராகத்தின் பெயரிலிருந்து கடபயாதி முறையில் எண் எடுப்பவர்களுக்கு இந்த வேலை பழக்கமானதுதான். ஒரு வித்தியாசம், இங்கே எல்லா மதிப்பையும் கூட்ட வேண்டும். கூட்டிப் பாருங்கள். ஸிராத்: ஸாத் 90, ரே 200, அலிஃப் 1, தோய் 9, ஆக 300. அல்முஸ்தகீம்: அலிஃப் 1, லாம் 30, மீம் 40, ஸீன் 60, தே 400, காஃப் 100, யே 10, மீம் 40, ஆக 681. மொத்தம் 981. ‘பத்’ என்பதில் பே 2, தால் 4, ஆக 6. கழித்தால் ஹிஜ்ரி 975. அது 1567 ஜூலையில் தொடங்கி 1568 ஜூனில் முடிகிறது.

கழிக்காமல் 981-ஐ அப்படியே எடுத்தால் 1573 வந்துவிடும். 1573 என்ற ஆண்டு புத்தகங்களில் புகுந்த வழி இதுதான் என்பது என் கணிப்பு. நீங்கள் 1568 என்றே போடுங்கள். 1568-69 என்பவர்களும் அதை ஒட்டித்தான் நிற்கிறார்கள். ஹிஜ்ரி ஆண்டு ஒன்று நம் காலண்டரில் இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கும் என்பதால் இந்த மாதிரி இழுபறி எல்லா முகலாயக் கட்டடத்துக்கும் உண்டு.

குழுவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ‘ஸிராதுல் முஸ்தகீம்’ என்றால் நேரான வழி. திருக்குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் வருவது. ஸிராத் என்பது மறுமை நாளில் கடக்க வேண்டிய பாலத்தின் பெயரும்கூட. ‘பத்’ என்றால் தீயது. நேர்வழியிலிருந்து தீயதை நீக்கு, பாலத்தின் வயது கிடைக்கும். ஒரே அடியில் வேதம், பாலம், கணக்கு மூன்றையும் கோத்திருக்கிறார் அந்தப் புலவர். படிக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது.

முனிம் கான் பற்றி இரண்டு வரி போதும். அக்பரின் காப்பாளர் பைராம் கான் வீழ்ந்தபின் 1560-இல் கான்-இ-கானான் பட்டம் பெற்றவர். 1575 மார்ச்சில் துகரோய் போரில் வங்காளத்து தாவூத் கானை வென்று, அதே ஆண்டு வங்காளத்திலேயே கொள்ளைநோய்க் காலத்தில் இறந்தவர். ஜவுன்பூர்க் கோட்டையின் வெளிவாசலும் அவர் காலத்ததுதான். பாலத்தையும் அந்த வாசலையும் சேர்த்தே காட்டுங்கள்.


கல்லும் காரையும்:

தூண் கேள்விக்கு நான் வருகிறேன். அறியாமை இல்லை. கமான் பாலத்தில் தூண் இரண்டு விதம். பக்கத்துக் கமான் உயிரோடு இருக்கும்வரை மட்டும் நிற்கும் தூண் ஒன்று. பக்கத்துக் கமான் விழுந்தாலும் தனியாக நிற்கும் தூண் மற்றொன்று. ஜவுன்பூரில் இருப்பது எல்லாமே இரண்டாவது வகை.

கமான் பாரத்தைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலுக்குத் தோராயக் கணக்கு: ஒரு மீட்டர் நீளத்துக்கான பாரத்தை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, கமான் உயரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இவை ஜவுன்பூர் அளவுகள் இல்லை, விளக்கத்துக்கு மட்டும். இடைவெளி 6 மீ., உயரம் 3 மீ., பாரம் மீட்டருக்கு 4 டன் என்றால் தள்ளல் 6 டன். உயரத்தை 1.5 மீட்டராகத் தட்டையாக்கினால் அதே பாரத்துக்கு 12 டன். கூர்முனைக் கமானை முகலாயர்கள் விரும்பியது அழகுக்காக மட்டும் என்று எழுதுகிறார்கள். உயரம் கூடினால் தள்ளல் குறைகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை.

இப்போது ஒரு பக்கத்துக் கமான் வெள்ளத்தில் போய்விட்டது என்று வையுங்கள். மீதியிருக்கும் கமானின் 6 டன் தள்ளல், தூணின் அடியிலிருந்து 4 மீ. உயரத்தில் தாக்குகிறது. கவிழ்க்கும் திருப்பம் 24 டன்-மீட்டர். தூண் 1.5 மீ. பருமன், 5 மீ. உயரம் என்றால், பாலத்தின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு அதன் எடை 15 டன். தண்ணீருக்குள் மூழ்கினால் மிதப்பு பாதியைத் தின்றுவிடும், 7.5 டன்தான். அந்த எடையும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் 12 டன் அரைக்கமானும் சேர்ந்து தரும் எதிர்ப்பு சுமார் 23.6 டன்-மீட்டர். கவிழும். அடுத்த தூணும் கவிழும், வரிசையாக. தூண் 5 மீ. பருமன் என்றால், மூழ்கிய நிலையிலும் எதிர்ப்பு 120-ஐத் தாண்டும். ஒரு கண் போகலாம், பாலம் போகாது.

கட்டும்போதும் இதனால் பெரிய ஆதாயம். மெல்லிய தூண் வைத்தால் எல்லாக் கமானையும் கட்டி முடிக்கும்வரை ஒரு சென்ட்ரிங்கையும் (கமானைத் தற்காலிகமாகத் தாங்கும் மரச்சட்டம்) பிரிக்க முடியாது. பிரித்தால் தூண் சாயும். 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் பாலப் பொறியாளர் பெரோனே இடைவெளியில் பத்தில் ஒரு பங்குக்குத் தூணை மெலிதாக்கினார். அதற்கு விலையாக அத்தனை கமானின் சென்ட்ரிங்கையும் ஒரே சமயத்தில் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. தடித்த தூண் இருந்தால் ஒரு கமானை முடித்து, காரை இறுகியதும் மரத்தைக் கழற்றி அடுத்த கண்ணுக்குக் கொண்டுபோகலாம். இரண்டு மூன்று செட் மரம் போதும். ஒரு கோடையில் இரண்டு கண், மழைக்கு நிறுத்து, மறு கோடையில் தொடர் என்று வேலையைத் துண்டு துண்டாகச் செய்யலாம். மழையில் ஆறு எழும்பும் ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை.

இன்னொரு அம்சம், சாலை கூனாக ஏறி இறங்குவதில்லை. கரைச் சாலையின் மட்டத்திலேயே பாலத்தின் மேல்தளமும் போகிறது. டெல்லி லோதி தோட்டத்தில் இருக்கும் அட்புலா பாலம் நடுவில் உயர்ந்து வளைந்திருக்கும். ஜவுன்பூரில் அந்த ஏற்றம் இல்லை. மாட்டு வண்டிக்கும் பீரங்கி வண்டிக்கும் பெரிய வசதி.


நீரோட்டம்:

மேலே சொன்னது சரி, ஆனால் பாதிக் கதைதான். தடித்த தூணுக்கு ஆறு வாங்கும் விலையையும் பார்க்க வேண்டும்.

வாய் பாதியாகக் குறைந்தால் வேகம் இரட்டிக்கும். வினாடிக்கு 1.5 மீ. வேகத்தில் வரும் நீர் கண்ணுக்குள் 3 மீ. ஆனால், பாலத்தின் மேற்புறம் நீர்மட்டம் சுமார் 34 செ.மீ. எழும்பும். இரண்டு வேகங்களின் வர்க்க வித்தியாசத்தை 19.62-ஆல் வகுத்தால் வரும் எண் அது. உராய்வு இழப்பெல்லாம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். மட்டம் ஏறுவதைவிட ஆபத்து கீழே. வேகமான நீர் தூணின் முன்முனையில், அதாவது மூக்கில், மோதிச் சுழித்து அடிமணலைத் தோண்டும். இன்றைய இந்தியச் சாலைப் பால விதிகளில்கூட, ஆறு இயல்பாக அரிக்கும் ஆழத்தைப்போல் தூணடியில் 2 மடங்கும் கரைத்தாங்கியில் 1.27 மடங்கும் எடுத்துக் கணக்குப் போடச் சொல்கிறார்கள். கமான் பாலங்கள் பெரும்பாலும் மேலிருந்து உடைவதில்லை, காலடியில் குழி விழுந்துதான் உடைகின்றன.

அப்படியிருந்தும் இது ஏன் நின்றது? ஆற்றின் குணத்தைப் பாருங்கள். கோமதி இமயமலைப் பனி உருகி வரும் ஆறு இல்லை. பீலிபித் மாவட்டத்தில் மாதோ தாண்டா அருகே ஏரியில் தொடங்கி, ஊற்றுநீரும் மழைநீருமாகச் சமவெளியிலேயே ஓடிவரும் ஆறு. இமயத்திலிருந்து இறங்கும் கோசி, கண்டக் ஆறுகள் போல உருளைக்கல்லை உருட்டிக்கொண்டு பாய்ந்து வருவதில்லை. அதன் வெள்ளம் வேறு வகை. வாரணாசிக்குக் கீழே கைதி என்ற இடத்தில் கங்கையில் சேர்கிறது. சேரும் இடத்தில் மேடு கட்டியிருக்கும் கரைகள் அணை மாதிரி நீரைத் தேக்குகின்றன. கங்கையும் நிரம்பி ஓடினால் கோமதிக்குப் போக வழியில்லை. நீர் பின்னோக்கி ஏறும். ஜவுன்பூரில் மட்டம் உயர்ந்துகொண்டே போகும், வேகம் அந்த அளவுக்கு ஏறாது. 1774-இல் இப்படிப் பெரிய சேதம். 1871 செப்டம்பர் வெள்ளத்தில் நகரத்தில் மட்டும் 4000 வீடுகள், கரையோர ஊர்களில் 9000 வீடுகள் போயின.

தேங்கி உயரும் வெள்ளத்தில் பாலத்துக்குத் தேவை எடை. பாய்ந்து வரும் வெள்ளத்தில் தேவை அகலமான வாய். இந்த ஆற்றுக்கு எடைதான் பொருத்தம். இதே பாலத்தைக் கோசியின் குறுக்கே வைத்திருந்தால் சில மழைக்காலத்தில் மூக்கடியில் குழி பறித்துச் சாய்த்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். தூணின் இரு முனைகளையும் கூராக்கி நீரைப் பிளந்து விடும்படி செய்திருப்பதையும் பார்க்கலாம். மேற்புற மூக்கு மோதலைக் குறைக்கும். கீழ்ப்புற மூக்கு, நீர் பிரிந்து சேரும் இடத்தில் உண்டாகும் சுழலைக் குறைக்கும். பலர் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அஸ்திவாரம். கங்கைச் சமவெளியில் பாறை கைக்கெட்டும் ஆழத்தில் இல்லை. வழி இரண்டுதான். ஒன்று, ஆற்றைத் திருப்பி, படுகையைக் காயவைத்து, கெட்டிக் களிமண்வரை தோண்டி அகலமான மேடை போடுவது. மற்றொன்று கிணறு இறக்குவது: நம் ஊர் உறைகிணறு போலவே மரவளையத்தின்மேல் வட்டமாகக் கட்டி, உள்ளே மண்ணை அள்ளிக்கொண்டே போக, சொந்த எடையில் அது இறங்கும், வேண்டிய ஆழம் வந்ததும் உள்ளே கல்லும் காரையும் போட்டு அடைத்துவிடுவார்கள். தாஜ் மஹாலின் யமுனைக் கரைப்பக்கம் நிற்பது இந்த மாதிரிக் கிணறுகளின் மேல்தான். இறக்கும்போது ஒரு பக்கம் அதிகமாக அள்ளினால் கிணறு சாய்ந்துவிடும். உயர்ந்து நிற்கும் பக்கத்து உள்மண்ணை எடுத்து, அந்தப் பக்கமே மேலே எடை வைத்து நிமிர்த்த வேண்டும். ஆழம் போகப்போக நிமிர்த்துவது கடினம், ஆரம்பத்திலேயே தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும்.

ஜவுன்பூரில் பத்தும் ஐந்துமாக இரண்டு துண்டு, நடுவில் திட்டு. இந்த அமைப்பு ஆற்றைத் திருப்பிக் கட்டும் முறைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது: தெற்கில் வாய்க்கால் வெட்டி அதில் ஐந்து கண், ஆற்றை அதன் வழியே விட்டு, மண்கரை போட்டுப் பெரிய படுகையை வறளவைத்து அங்கே பத்துக் கண். அமைப்பைப் பார்த்து நான் சொல்லும் ஊகம் இது, கல்வெட்டுச் செய்தி இல்லை. குறிப்பில் எழுதினால் ஊகம் என்றே எழுதுங்கள்.


வழிப்போக்கன்:

நன்றி, எதிர்பார்த்ததைவிட நிறையவே கிடைத்திருக்கிறது. வெள்ளத்தைத் தாங்கியது புரிகிறது. அப்படியானால் 1934 பூகம்பத்தில் ஏழு கமான்கள் போனது ஏன்? அத்தனை எடையும் பருமனும் அப்போது உதவவில்லையா? இன்னொன்று, போய் நிற்கும்போது கமானின் அடிவயிற்றில் விரிசல் தெரிந்தால் எது சாதாரணம், எது ஆபத்து என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?


கல்லும் காரையும்:

வெள்ளத்தில் காப்பாற்றிய எடைதான் பூகம்பத்தில் எதிரி. நிலம் அசையும்போது எடை எவ்வளவோ அதற்கு ஏற்ற விசை பக்கவாட்டில் வரும். கல் கமான் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதற்குள் இரும்பு எதுவும் இல்லை. இரண்டு தூண்களின் தலை எதிரெதிர்த் திசையில் சிறிது நகர்ந்தாலே கமானில் மூன்று இடத்தில் கீல் மாதிரி வாய் திறக்கும்; அதிர்வில் நாலாவது கீலும் விழுந்தால் கமான் நிற்காது, இறங்கிவிடும். 1934 ஜனவரி 15 நேபாள-பீகார் அதிர்வில் வண்டல் நிலம் நீரோடு குழைந்து வெகுதூரம்வரை கட்டடங்களைச் சாய்த்தது. ஏழு கமான்களைத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. ஆனால் கவனியுங்கள், ஏழு போயும் மற்றவை நின்றன. மேலே சொன்ன தனியாக நிற்கும் தூண் கணக்கு அங்கே பலித்தது. மெல்லிய தூண் வைத்திருந்தால் இன்று பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

விரிசல் படிப்பது இப்படி. அடிவயிற்றில், போக்குவரத்து போகும் திசையிலேயே, பக்கச்சுவருக்கு ஓரடி இரண்டடி உள்ளே ஓடும் விரிசல் மிகச் சாதாரணம். மேலே நிரப்பியிருக்கும் மண்ணும் கல்லும் மழைநீர் குடித்து ஊதிப் பக்கச்சுவரை வெளியே தள்ளுவதால் வருவது. சுவர் வெளிப்புறம் தொந்தி போட்டிருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். தொந்தி இருந்தால் கவனிக்க வேண்டியது, ஆனால் உடனே விழாது. அதே திசையில் நட்டநடுவே ஓடும் விரிசல் தூணின் மேற்புறமும் கீழ்ப்புறமும் வேறு வேறு அளவில் இறங்குவதைக் காட்டும். குறுக்கே, அதாவது ஆறு ஓடும் திசையில் கிழிந்திருந்தால் தூண் நகர்ந்திருக்கிறது. கமான் தொடங்கும் மூலையிலிருந்து உச்சியை நோக்கிச் சாய்வாக ஏறும் விரிசல்தான் மோசமானது: தூணின் ஒரு மூலைக்குக் கீழே மண் போயிருக்கிறது என்று பொருள். மூக்கடியில் குழி விழுந்த பாலங்களில் முதலில் தெரிவது பெரும்பாலும் இதுதான்.

விரிசல் பழையதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதற்கு மேலே ஜிப்சம் பூச்சில் சின்னப் பட்டை ஒட்டித் தேதி எழுதி விடுவார்கள். பட்டை கீறினால் ஓடுகிறது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முழுக்கப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது, வெயிலுக்கும் குளிருக்குமே கமான் மூச்சுவிடும்.

பழுதுபார்ப்பில் மனம் நோகும் விஷயம் சிமென்ட். பழைய கட்டடத்தில் இணைப்பு தெரியும் இடமெல்லாம் சிமென்ட் இட்டு மெழுகுவதை நாடு முழுக்கப் பார்க்கிறோம். சிமென்ட் கல்லைவிட இறுக்கம், நீரையும் விடாது. உள்ளே இறங்கிய மழைநீர் இணைப்பு வழியாக வெளியே வர முடியாமல் கல் வழியாக வரும். வரும்போது உப்பைக் கொண்டுவந்து கல்லின் தோலுக்குப் பின்னே படிய வைக்கும். உப்பு பூக்கப் பூக்கத் தோல் உரியும். சில ஆண்டுகளில் சிமென்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், கல் உள்வாங்கியிருக்கும்.

சரியான முறைக்கு இங்கே பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது. கங்கைச் சமவெளியில் கங்கர் எனப்படும் சுக்கான்கல் நிறைய. களிமண் கலந்த சுண்ணாம்பு என்பதால் சுட்டெடுத்தால் ஈரத்திலும் இறுகும் குணம் இயற்கையாகவே வரும். தூய சுண்ணாம்பாக இருந்தால் சுர்க்கி, அதாவது செங்கல் தூள், சேர்க்க வேண்டும். சுர்க்கிக்குச் செங்கல் அளவாகச் சுட்டதாக இருக்கட்டும். கருகிய செங்கல்லை இடித்துப் போட்டால் அது வெறும் மணல், சுண்ணாம்போடு சேராது. சுட்ட தூய சுண்ணாம்பை நீரில் குழைத்து, சலித்து, இரண்டு மூன்று வாரமாவது நீருக்கடியில் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் வேகாத கட்டி பிறகு ஊதிப் பூச்சைக் கொப்பளமாக்கும். சுண்ணாம்பு, சுர்க்கி, மணல் சம அளவு என்பது பொதுவான கலவை, நீர்மட்டத்தருகே சுர்க்கி கூடுதல். வடக்கே வில்வப்பழச் சாறு, வெல்லம், ஊறிய உளுந்து நீர் சேர்ப்பது வழக்கம். வெல்லத்தை அள்ளிப் போட்டால் இறுகத் தாமதமாகும், பூசணமும் வரும்.

பழைய இணைப்பைக் கையுளியால் சுரண்ட வேண்டும். கிரைண்டர் வைத்தால் கல்லின் விளிம்பு போய், இணைப்பு அகலமாகிவிடும். ஆழம் இணைப்பு அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். கழுவி, கல் ஈரமாக இருக்கும்போதே திணித்து, ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் இரண்டு வாரம் காக்க வேண்டும். அக்டோபருக்கு மேல் பிப்ரவரிக்குள் செய்வது நல்லது. மே வெயிலில் செய்தால் காய்ந்து தூளாகும். உள்ளே வெற்றிடம் இருந்து கூழ் ஊற்ற வேண்டுமானால் கீழ்த் துளையில் தொடங்கி, மேல் துளையில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி மேலே போக வேண்டும். மோட்டார் வைத்து அழுத்திச் செலுத்தினால் ஏற்கெனவே தொந்தி போட்ட சுவர் வெடித்துவிடும்.

அரசமரக் கன்று முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்கவே கூடாது. வேர் போன வழியெல்லாம் கல்லைக் கூட்டிக்கொண்டு வரும். அடியில் அறுத்து, வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் செத்தபின் எடுக்க வேண்டும்.


அச்சுப்பாரம்:

எல்லாம் சரி. மாட்டு வண்டிக்கும் யானைக்கும் கட்டிய பாலத்தில் 450 ஆண்டு கழித்து வண்டிகளை விட்டுக்கொண்டிருப்பது ஏற்கத்தக்கதா? பக்கத்தில்தான் 2006 நவம்பரில் புதுப் பாலம் திறந்தாகிவிட்டதே. மொத்தமாக மூடிவிட்டு நடைபாதையாக்கினால் என்ன?


நீரோட்டம்:

கனரக வண்டியைப் புதுப் பாலத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘மாட்டு வண்டிக்குக் கட்டியது, லாரி தாங்காது’ என்ற வாதம் கமானுக்குப் பொருந்தாது. மெக்ஸி முறை என்று ஒரு பழைய பிரிட்டிஷ் ராணுவக் கணக்கு, இன்றும் முதல் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கமானின் தடிமனையும் உச்சிக்கு மேல் உள்ள நிரப்பையும் மீட்டரில் கூட்டி, அதன் வர்க்கத்தை 740-ஆல் பெருக்கி, இடைவெளியின் 1.3 அடுக்கால் வகுக்க வேண்டும். வருவது டன்னில் தொடக்க அச்சுப்பாரம். 70-க்கு மேல் வந்தாலும் 70 என்றே கொள்ள வேண்டும். இடைவெளி 18 மீ. வரைதான் செல்லும். 6 மீ. இடைவெளிக்குக் கூட்டுத்தடிமன் 0.8 மீ. என்றால் 46 டன் வருகிறது. பிறகு வடிவம், கல், இணைப்பு, விரிசல் இவற்றுக்கெல்லாம் குறைப்பு எண்களால் பெருக்கினால் இறங்கிக்கொண்டே வரும். பாதிக்கும் கீழே வந்தாலும் சாதாரண வண்டியின் அச்சு அதற்குள் அடங்கும்.

ஆனால் இந்தக் கணக்கு கமானை மட்டும் பார்க்கும். தூணடிக் குழியை அது பார்க்காது, தொந்தி போட்ட பக்கச்சுவரைப் பார்க்காது. கமான் 46 டன் தாங்கும் என்று காகிதத்தில் வந்த பாலம் காலடி அரித்து ஒரு லாரிகூட மேலே இல்லாத இரவில் சாயலாம். ஆகவே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தண்ணீர் வடியும் முன்பே மூக்கடியில் ஆழம் அளக்க வேண்டும். வடிந்தபின் அளந்தால் வெள்ளம் தோண்டிய குழியை வண்டல் மூடி மறைத்திருக்கும்.

மேலே போடும் தாரும் கண்ணுக்குத் தெரியாத பாரம். 5 செ.மீ. தார்த்தளம் ஒன்று சதுர மீட்டருக்கு 115 கிலோ. பழையதைச் சுரண்டாமல் நாலு முறை போட்டால் 460 கிலோ நிரந்தரமாக ஏறிவிடும். கூடவே வடிகால் துளை அடைபடும், கைப்பிடிச் சுவரின் உயரம் குறையும். எந்தக் கமான் பாலத்தில் புதுத் தார் போட்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பழையதை எடுத்தீர்களா, நீர் வெளியேறும் குழாய் சுவர் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா? முகத்தோடு வெட்டிவிட்ட குழாய் சுவர் மேலேயே நீரை வழியவிடும்.


பழஞ்சுவடி:

குழுவுக்குக் காட்டுவது பற்றிச் சில குறிப்பு. பாலத்தின் மேலே நின்றால் இது பாலம் என்றே தெரியாது, இரு புறமும் மண்டபங்கள், நடுவே சாலை. கரைக்கு இறங்கிக் கீழிருந்து பாருங்கள். மழை முடிந்து ஆறு வற்றிய மாதங்களில் தூணின் கீழ்ப்பகுதியும் வெளியே தெரியும்.

தூண்களின் மேல் நிற்கும் தூணடுக்கு மண்டபங்களை அக்பர் காலத்தவை என்று சொல்லிவிடாதீர்கள். 1847-இல் சேர்த்தவை. பல பயணக் குறிப்புகள் இந்த இடத்தில் தவறுகின்றன. ஆங்கில ஓவியர்கள் வில்லியம் ஹாட்ஜஸும், தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த படங்கள் இணையத்தில் கிடைக்கும். அச்செடுத்துக் கொண்டுபோய் எதிரே வைத்துப் பார்த்தால், எது பழைய உடம்பு, எது பிறகு ஏறிய தலை என்பது புரியும். உத்தரப் பிரதேசத் தொல்லியல் இயக்ககத்தின் பாதுகாப்புப் பட்டியலில் 1978 முதல் இருக்கிறது.

பாலத்தருகே சிங்கம் யானையை அமுக்கிப் பிடித்திருக்கும் பெரிய கல் சிற்பம் ஒன்று உண்டு. அது பாலத்துக்காகச் செய்ததில்லை, அதைவிடப் பழையது. முகலாயர் வேலை என்று எழுத வேண்டாம்.

கண் எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. வடக்கே சில பாலங்களின் பெயரில் வரும் எண் தூணின் எண்ணிக்கை, கமானின் எண்ணிக்கை இல்லை. டெல்லி அட்புலாவில் ‘அட்’ எட்டு, தூண் எட்டு, கமான் ஏழு. ஜஹாங்கீர் காலத்தில் மிஹ்ர் பானு ஆகா கட்டிய பாராபுலாவில் ‘பாரா’ பன்னிரண்டு, கமான் பதினொன்று. ஜவுன்பூரில் பத்தும் ஐந்தும் என்று நீங்கள் எழுதியிருப்பது கமான் கணக்கு. குறிப்பில் ‘கமான்’ என்ற சொல்லை விடாமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் அங்கே போய் நின்று குழு எண்ணும்போது தகராறு வரும்.


வழிப்போக்கன்:

மண்டபங்களை அக்பர் காலம் என்றுதான் எழுதி வைத்திருந்தேன், திருத்திவிட்டேன். ஆண்டு 1568, ஹிஜ்ரி 975. அப்ஜத் கூட்டலை ஒரு பெட்டிச் செய்தியாகவே போடுகிறேன். ஆற்றைத் திருப்பிய பகுதிக்கு ‘ஊகம்’ என்று குறித்தாகிவிட்டது. பயணத்தை ஜனவரிக்கு மாற்ற முடியுமா என்று குழுவிடம் கேட்கிறேன். தூணின் அடி தெரியாமல் இந்தப் பாலத்தைப் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை என்று இப்போது தோன்றுகிறது.